ஆறு மணிக்குப் பிறகு கடிப்பவள்

முக்காலியில் உட்கார்ந்து, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ரப்பர் குழாயின் ஒரு முனையை வாயில் கவ்விக்கொள்வார் கஸ்தோரி. காலில் கொசு வந்து அமரும். குத்துவதற்குள் அதை உறிஞ்சிக் கண்ணாடிக் குழலில் ஏற்றி, காகிதக் கோப்பைக்குள் ஊதிவிடுவார். மணிக்கொரு கோப்பை; மாலை ஆறு முதல் காலை ஆறு வரை. வாரம் ஒரு மலேரியா தடுப்பு மாத்திரையை விழுங்கிக்கொண்டு, கிலொம்பெரோ பள்ளத்தாக்கின் நெல்வயல்களுக்கு நடுவே, ஒரு மலேரியா ஆய்வுக்காகப் பதினோரு வருடமாக இதுதான் அவருக்கு உத்தியோகம்.

கொசு காலில் இறங்குகிற விதத்திலேயே ஆள் தெரிந்துவிடும் என்பார். இருட்டியதும் காதருகே பாடிக்கொண்டு வருபவள் ஒருத்தி. "வாயாடி. கடிச்சாலும் மலேரியா தரமாட்டா." வாசலில் ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும் எட்டு மணிக்குக் கணுக்காலைத் தேடி வருபவள் இன்னொருத்தி. கறுத்து மெலிந்த மூன்றாமவள் ஊர் உறங்கிய பிறகுதான் புறப்படுவாள். "அவதான் கொலைகாரி. சத்தமே இருக்காது."

சென்ற மழைக்காலத்தில் அவர் மகள் எடிதாவுக்கு இரண்டு தடவை மலேரியா வந்தது. ஒரு நாள்கூடக் கொசுவலைக்கு வெளியே படுக்காத பெண். இரண்டாம் தடவை நினைவு தப்பி, ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்து பிழைத்தாள். "ஊர்க் கொசுவையெல்லாம் புடிக்கிறீங்க, எடிதா அப்பா. நம்ம பொண்ணைக் கடிச்சது எது?" என்று கேட்டாள் மனைவி ஃபெலிஸ்டா.

அடுத்த வாரம் ஒரு நாள், காலை ஆறு மணிக்கு, கூடக் கொசு பிடிக்கும் கூட்டாளி மூட்டை கட்டிய பிறகும் கஸ்தோரி எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறியது. வயலுக்குப் போகிற பெண்கள் அவர் காலைப் பார்த்துச் சிரித்தார்கள். ஏழு மணிக்குள் அந்த மெலிந்த கொலைகாரிகள் ஒன்பது பேர். எட்டுக்குள் இன்னும் ஆறு. பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து, பெஞ்சில் உட்காருகிற நேரம்.

மணிக்கு மணி கணக்கெழுதும் படிவத்தில் காலை ஆறு மணிக்குப் பிறகு கட்டமே இல்லையே என்றார் ஆய்வை நடத்தும் டாக்டரம்மா. கஸ்தோரி படிவத்தின் பின்பக்கத்தில் தானே கோடு போட்டு எழுதினார். பத்தொன்பது நாள் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார். "கட்டம் நீங்க போட்டது, டாக்டரம்மா. கொசு அதைப் படிக்கிறதில்ல."

இருபதாம் நாள் காலையில் டாக்டரம்மாவே வந்து எதிரில் முக்காலி போட்டுக்கொண்டார். எட்டரை வரை இருந்தார். அடுத்த மாதப் படிவத்தில் ஒன்பது மணிவரை கட்டம் இருந்தது. பள்ளிக்கூட ஜன்னல்களுக்குக் கம்பிவலையும் வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கஸ்தோரியே ஏணியில் ஏறினார். எடிதாவின் வகுப்பில் கடைசி ஜன்னல். கீழே ஆணி டப்பாவோடு நின்ற ஃபெலிஸ்டா, "போதும், இறங்குங்க" என்றாள். அவர் சட்டத்தின் ஓரமாகச் சுண்டுவிரலை மெல்ல ஓட்டிக்கொண்டே போனார். வலை விலகியிருந்த ஓரிடத்தில் விரல் நின்றது. திரும்பிப் பார்க்காமலே மறு கையைக் கீழே நீட்டினார்.