மானேஜரின் ஸ்வான் சாங்

இன்று கவரைப்பேட்டையில் ரயில் ஏறினால் எதிர் சீட்டில் சாரதா! எழுபதுகளில் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் நாங்கள் இரண்டு பேரும் டைப்பிஸ்ட்.

எங்கள் மானேஜர் ரிட்டயர் ஆன அன்று, “இந்தப் பேச்சுதான் என் ஸ்வான் சாங்” என்றார்.

நான் ஆர்வமாக எழுந்து, “பாடுங்க சார்!” என்றேன்.

மொத்த ஆபீசும் சிரித்தது. சாரதாதான் நிதானமாக விளக்கினாள். “சாகுறதுக்கு முன்னாடி அன்னம் ஒரு தடவை அழகாப் பாடும்னு கிரேக்கர்கள் நம்பினாங்க. அதனால ஒருத்தர் கடைசியா செய்யுறதை அப்படிச் சொல்வாங்க.”

மானேஜர் தன் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து அவளிடமே கொடுத்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அதன்பிறகு ஒரு வருஷம் அவளோடு சாப்பிட உட்காரவில்லை. இன்று அவளைப் பார்த்ததும் மறுபடியும் எரிந்தது.

கேட்டே விட்டேன். “அன்னிக்கு ஸ்வான் சாங்குக்கு அர்த்தம் சொன்னியே, அதெல்லாம் எங்கடி கத்துக்கின?”

“இன்னாடி இப்படிக் கேக்குற? இங்கிலீஷ் ஃப்ரேசுக்கெல்லாம் அர்த்தம் போட்ட புக்கு ஒண்ணு உன் டிராயர்ல வெச்சிருந்தியே! நீ டீ குடிக்கப் போறப்பல்லாம் அதத்தான் படிச்சிக்கினு இருந்தேன்.”

நான் ஆசையாக வாங்கி, அட்டை போட்டு, ஒருநாளும் பிரிக்காத புத்தகம் அது.

இனி நான் யார் மேல் பொறாமைப்படுவது? நீங்களே சொல்லுங்கள்.