லேபிள் இல்லாத சுருட்டு

போன சனிக்கிழமை நான் சுருட்டுப் பிடித்தேன்.

உடனே போனை எடுக்காதீர்கள். முழுதாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். அப்புறம் திட்டுங்கள்.

காலையில் பெட்ரோல் போட்டு வரலாம் என்று வீட்டுக்காரரின் ஸ்கூட்டரை எடுத்தேன். பங்கில் சீட்டைத் தூக்கினால் — அழுக்குத் துணி, ஸ்பேனர், அதற்கு அடியில் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தேன். ஒற்றைச் சுருட்டு. கட்டைவிரல் கனம். லேபிள் இல்லை, கம்பெனிப் பெயர் இல்லை, படம் இல்லை. எந்த ஊர்ச் சரக்கு என்றுகூடத் தெரியவில்லை.

மீதிச் சில்லறையை வாங்காமலே வண்டியைத் திருப்பினேன். கோபத்தில்தான்.

அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. வைத்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே இவர் ஒரு பீடி பிடிச்சாலும் என்கிட்ட கூட்டிட்டு வராதீங்கம்மா." அன்றைக்கே மனிதர் சிகரெட்டை விட்டார். அதை இந்தப் பக்கத்தில் நான் பெருமையாக எழுதினேன். நீங்கள்கூட வாழ்த்துச் சொன்னீர்கள். அந்த வாழ்த்தை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதானா?

இன்னொன்றும் இருக்கிறது. கொஞ்ச நாளாகவே அவர் சட்டையில் புகை நாற்றம். கேட்டால், "பட்டறையில காசி ஊதுறான்" என்பார். அவர் இங்கே பெரம்பலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். காசி அவருடன் வேலை பார்ப்பவர். ஆனால் காசி பிடிப்பது பீடி. பீடி நாற்றம் எனக்குத் தெரியாதா? இது வேறு.

வீட்டில் என் நாத்தனார் மல்லிகா வந்திருந்தாள். மீன்சுருட்டியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக்காரர் சுருட்டுக்காரர். அதனால் இந்த விஷயத்தில் அவள்தான் எனக்கு நிபுணர். கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்துச் சுருட்டைக் கையில் கொடுத்தேன்.

மோந்து பார்த்தாள். காதோரம் வைத்து லேசாக உருட்டிப் பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரரு ஊதுறதுக்கு ஒரு பேரு இருக்கு, படம் இருக்கு அண்ணி. இதுக்கு அப்பன் பேரே தெரியலயே."

"அப்பன் பேரு எனக்கு எதுக்குடி. உங்கண்ணன் ஊதுறாரா இல்லையா, அதச் சொல்லு."

"முனையில பல்லு படல. இது ஊதாதது."

"சரி, இது ஊதாதது. ஊதுனதெல்லாம் எங்க?"

மல்லிகா கொஞ்சம் யோசித்தாள். அழுக்குக் கூடையிலிருந்து அண்ணன் சட்டையை எடுத்து வந்தாள். "பத்த வச்சுப் பாத்துருவோம். சட்டை நாத்தமும் இந்த நாத்தமும் ஒண்ணா இல்லயான்னு தெரிஞ்சிரும்ல."

"யாரு இழுக்குறது?"

"எனக்கு வீசிங் இருக்கு அண்ணி."

அப்புறம் யார் மிச்சம்?

கடித்துத் துப்பினேன், பற்றவைத்தேன், இழுத்தேன். நெஞ்சுக்குள் விடவில்லை, வாயோடு நிறுத்திக்கொண்டேன். சரக்கு எப்படி என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன் — முதலில் தீய்ந்த வெல்லப்பாகு. கொஞ்சம் பொறுத்தால் வேப்பம்பட்டைக் கசப்பு. கடைசியில் வரமிளகாய் வறுத்த நெடி, நாக்கின் ஓரத்தில் நின்றுகொண்டு போகவே மாட்டேன் என்கிறது. புகையிலையைக் குறை சொல்ல மாட்டேன். சுற்றியதுதான் மோசம். ஒரு பக்கம் கல் மாதிரி இறுக்கம், இன்னொரு பக்கம் பொதபொத என்று இருந்தது.

"எப்படி அண்ணி இருக்கு?"

"நீ கட்டுனவரு இதை எப்படித்தான் ஊதுறாரோ."

"அவரு எதைத்தான் ருசி பாத்துத் தின்னாரு" என்றாள்.

சட்டையை மோந்தோம். புகையை மோந்தோம். ஒன்றுதான். சந்தேகமே இல்லை.

அந்த நேரம் பார்த்து அவர் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். கொல்லைக் கதவில் நின்று பார்க்கிறார். ஒரு கையில் அவர் சட்டை, இன்னொரு கையில் சுருட்டு, கண்ணில் தண்ணீரோடு நான்.

"ஏன் புள்ள... நீ எப்பலேருந்து?"

சுருட்டைக் கல்லில் வைத்துவிட்டு ஆரம்பித்தேன். என்னென்ன சொன்னேன் என்பதை அச்சில் போட முடியாது. போடக்கூடியது இதுதான்: "உப்பைக் கொறச்சு, எண்ணெயக் கொறச்சு, ஒரு வாய் ஊறுகா இல்லாம நானும் சேந்து தின்னேனே. இதுக்குத்தானா? சாவுறதுன்னா சொல்லிட்டுச் சாவுங்க. ஒளிச்சு வச்சுச் சாவாதீங்க."

மல்லிகா சட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் செத்துப்போய்விட்டது.

"இதுவும் அணைஞ்சிருச்சே" என்றார்.

திட்டு வாங்குகிற மனிதர் சொல்கிற பதிலா இது? எனக்கு வந்த வேகமே நின்றுவிட்டது. "எது அணைஞ்சிருச்சு?" என்றேன். படியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

அவர் சொன்னதை எழுதுவதற்கு முன்னால் ஒன்று: இந்தப் பக்கத்தில் உங்களிடம் நான் ஒன்றை மறைத்திருந்தேன். சில மாதங்களுக்கு முன் என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. திருச்சிக்குப் போய், ஊசி குத்தி அதிலிருந்து கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்குக் கொடுத்தோம். பயப்பட ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்தது. நான் மறந்தும் போனேன்.

நான் உள்ளே படுத்திருந்தபோது இவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வேப்பந்தட்டைப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் தன் குலதெய்வம் முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். நல்லபடியாக வந்தால் சுருட்டுப் படைக்கிறேன் என்று. வேண்டுதல் என்றாலே நான் பாய்வேன் என்பதால் என்னிடம் சொல்லவில்லை.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். சுருட்டைப் பற்றவைத்துச் சிலையின் வாயில் செருகுவார்கள். சாமிக்கு வைப்பதை மனிதர் வாயில் வைக்கக் கூடாது, எச்சில். அதனால் யாரும் இழுத்துப் பற்றவைப்பதில்லை, சூடத்தில் காட்டித்தான். பாதி வரைக்கும் தானாக எரிய வேண்டும். நடுவில் அணைந்தால் சாமி ஏற்கவில்லை என்று அர்த்தம்.

இவர் ஒரு அமாவாசைக்கு எனக்குத் தெரியாமல் போய் வைத்திருக்கிறார். அணைந்துவிட்டது.

"அன்னிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. ரிசல்ட்ட மாத்திக் கொடுத்துருப்பாங்களோன்னு உன் கழுத்தையே பாத்துட்டு இருக்கேன்."

பார்த்தார்தான். நானும் கவனித்தேன். செயினை அடகு வைக்கக் கண் வைக்கிறார் என்று நினைத்து, அதைக் கழற்றிப் பீரோவில் பூட்டி வைத்திருந்தேன்.

அடுத்த தடவை அணையாத சுருட்டாகப் பார்த்துக் கொண்டுபோக வேண்டும் என்று, கிடைக்கிற சுருட்டையெல்லாம் வாங்கி வந்து காசியை இழுக்கச் சொல்லி இவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். சட்டை நாறியது அதனால்தான். அதில் தேறியது இந்த லேபிள் இல்லாதது. எந்தக் கடையில் வாங்கியது என்பதே இவருக்கு மறந்துபோயிருந்தது.

"காசி நல்லா எரியுதுன்னு சொன்னான்" என்றார்.

"காசிக்கு ஓசியில தேங்கா நாரக் குடுத்தாலும் நல்லா எரியுதுன்னுதான் சொல்லுவான். அவன் இழுத்துக்கிட்டே இருந்தா எதுதான் அணையும்? சாமி இழுக்குமா?"

மல்லிகாதான் முதலில் சொன்னாள்: "அதானே. சாமி எங்கண்ணே இழுக்குது?"

மோட்டாரைப் பிரித்து மாட்டுகிற இரண்டு பேருக்கு ஒரு மாதமாக இது தோன்றவில்லை. கோபத்தில் நான் கல்லில் போட்டுவிட்டுக் கத்தியதால்தான் தெரிந்தது.

நாம் எல்லாவற்றையும் இப்படித்தானே சோதிக்கிறோம்? பெண் பார்க்கிற அன்று மாப்பிள்ளை தங்கமாக இருக்கிறான். சுற்றிலும் பத்துப் பேர் ஊதிக்கொண்டே இருக்கிறார்கள், எரியத்தான் எரிவான். ஆளில்லாத நேரத்தில் எரிகிறானா என்று யார் பார்க்கிறார்கள்?

இந்த மனிதர் எரிந்திருக்கிறார். நான் ஒரு நாளும் ஊதிவிட்டதில்லை. திட்டத்தான் திட்டியிருக்கிறேன். என் கழுத்துக்காக ஒருவர் தூங்காமல் இருந்திருக்கிறார், பக்கத்தில் படுத்து நான் குறட்டை விட்டிருக்கிறேன்.

நன்றி என்ற சொல்லை அவரிடம் நான் சொன்னதே இல்லை. அன்றும் வாயில் வரவில்லை. "எந்திரிச்சு வாங்க, சோறு ஆறுது" என்றேன். ஊறுகாயில் ஒரு துண்டு வைத்தேன். அவருக்குப் புரிந்தது.

மாலையில் மூன்று பேரும் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனோம். அவரை ரோட்டுக்கு அந்தப் பக்கமே நிற்க வைத்துவிட்டேன். இருந்ததில் ஒவ்வொரு வகையிலும் ஒன்று வாங்கி, பற்றவைத்து, கடைக்கு வெளியே திட்டில் வரிசையாக வைத்துவிட்டுச் சும்மா நின்றோம்.

கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "யாருக்குங்க அக்கா இது?"

"வேப்பந்தட்டைக்காரரு ஒருத்தருக்கு."

"இழுத்துப் பாக்காம வாங்குறீங்களே. நாளைக்கு அவரு வந்து சண்டைக்கு நின்னா?"

"நின்னா எனக்கும் சொல்லி அனுப்புங்க" என்றேன். "நானும் அவர ஒரு தடவை நேர்ல பாக்கணும்."

ஒவ்வொன்றாக அணைந்தது. படம் போட்டது, தங்கப் பேப்பர் ஒட்டியது, எல்லாம். மெலிசாக, இறுக்கமில்லாமல் சுற்றிய ஒன்று மட்டும் கங்கு குறையாமல் போய்க்கொண்டே இருந்தது. அதற்கும் லேபிள் இல்லை. அதிலேயே ஒரு கட்டு வாங்கினோம்.

புதன்கிழமை அமாவாசை. போனோம். பூசாரி சூடத்தில் காட்டிச் சிலை வாயில் வைத்தார். மலைப்பக்கமிருந்து காற்று. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை.

கால் பாகம் வந்ததும் கங்கு மங்கியது. பூசாரி சிலையைப் பார்த்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மூச்சு விடவில்லை மனிதர். இதயத்துக்கு இது ஆகாதே என்று அவர் கையை உலுக்கினேன். சாம்பல் உதிர்ந்தது. உள்ளேயிருந்து மறுபடி சிவப்பு வந்தது. பாதியைத் தாண்டியும் எரிந்தது.

அவர் சாமியைக் கும்பிடுவதற்கு முன்னால் என் கழுத்தைத்தான் பார்த்தார். பிறகு சிரித்தார். பல நாள் கழித்துப் பார்க்கிற சிரிப்பு.

சுருட்டு எரிந்ததால்தான் என் உடம்பு சரியாக இருக்கிறது என்று நான் நம்புகிறேனா? இல்லை. என் நம்பிக்கை டாக்டர் கொடுத்த பேப்பரில்தான். ஆனால் அன்று இரவு அந்த மனிதர் தூங்கினார். அதற்காக எந்தச் சாமிக்கும் நன்றி சொல்லத் தயார்.

"நீயும் ஏதாச்சும் வேண்டிக்க புள்ள" என்று அங்கேயே சொல்லியிருந்தார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. இருந்தாலும் கையைக் கூப்பினேன். "ஊதுறதெல்லாம் நீயே ஊதிக்க முனியப்பா. இந்த மனுசனுக்கு மட்டும் அந்த ஆசை திரும்ப வரவே கூடாது."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, இதுவும் ஒரு சுருட்டு வேண்டுதல்தான் என்று. நிறைவேறினால், இனி வருஷா வருஷம் சுருட்டுக் கடையில் போய் நிற்க வேண்டியது நான்.