நீலம் கூடிப்போன சுவர்

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் மாதா கோவில் உபதேசியார் போன் செய்தார். "அண்ணாச்சி, ரெங்கநாயகி அம்மா தவறிட்டாவ" என்றார். அப்போது நான் திருவிழாவுக்கு அந்த அம்மாவைத்தான் அழைத்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் நான் எழுதும் முதல் கடிதம். மூன்று வரி வந்திருந்தது. மீதித் தாளில் இதை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ரெங்கநாயகி அம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். பழைய ஓவியங்களைச் செப்பனிடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சோழபுரத்துக்கு அப்பால், குன்றின் மேல் உள்ள எங்கள் பழைய மாதா கோவிலின் பீடத்துச் சுவரில் ஒளிந்திருந்த ஓவியத்தை வெளியே கொண்டுவந்தவர். ஒளித்து வைத்தவன் நான்.

கொடியேற்றத்துக்கு முன்னால் கோவிலுக்குச் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் குடும்பத்து வேலை. அய்யாவுக்குப் பிறகு நாற்பது வருடம் நான் அடித்தேன். சுவர் எவ்வளவு வெள்ளையோ, மாதாவுக்கு அவ்வளவு மரியாதை என்று நினைத்திருந்தோம். மூன்று வருடத்துக்கு முன்பு மழை ஒழுகிச் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு கண் எங்களைப் பார்த்தது. பங்குச்சாமி பதறிப்போய் அம்மாளை வரவழைத்தார்.

அம்மாள் வந்ததும், "இதுக்கு வெள்ளை அடிச்சது யாரு?" என்று கேட்டார்.

நான் தோளில் கிடந்த துண்டை இறக்கிக் கையில் பிடித்தேன். "நான்தாம்மா. அடியில படம் இருக்கும்னு தெரியாது."

"அட, எதுக்குப் பயப்படுதீய? புகையும் வெயிலும் படாம இத்தனை வருசம் போத்தி வச்சிருக்கீய. வாங்க, எனக்கு நீங்கதான் வேணும்."

டாக்டர்கள் பிடிக்கும் கத்தி போன்ற ஒன்றால் அம்மாள் ஒரு நாளைக்கு உள்ளங்கை அளவுதான் சுரண்டுவார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் நீலமாக ஒரு பூச்சு தெரிந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. அய்யா இறந்த பிறகு நான் தனியாக அடித்த முதல் வருடம் அது. வெள்ளை பளிச்சென்று தெரியச் சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலப்போம். நான் அள்ளிக் கொட்டிவிட்டேன். "என்னலே, மாதாவை வானத்துலயே ஏத்திட்டியா?" என்று ஊரே சிரித்தது.

இதைச் சொன்னதும் அம்மாள் கத்தியைக் கீழே வைத்தார். "அப்போ இதுக்கு அடியில இருக்கது எல்லாம் உங்க அய்யா கையா?"

"ஆமாம்மா. அவிய சுண்ணாம்புல வஜ்ரப் பசை சேப்பாவ. உடும்பு மாதிரி புடிக்கும்."

"நல்லவேளை சொன்னீய. இதே வேகத்துல போயிருந்தா ஓவியமும் சேந்து வந்திருக்கும். உங்க நீலம்தான் அண்ணாச்சி மாதாவைக் காப்பாத்துச்சு."

நாற்பது வருடமாக ஊர் சிரித்த தப்பை ஒரே பேச்சில் அவர் பெருமையாக்கிவிட்டார்.

எட்டு மாதத்தில் மாதா முழுதாக வந்தார். அவருக்குப் பின்னால் எங்கள் மேற்கு மலை. காலடியில் ஒரு கிளி. அதற்கும் கீழே ஒரு வரி எழுத்து. எனக்கு எழுத்து தெரியாது. "வாசிங்கம்மா" என்றேன்.

"மாட்டேன். நீங்க மறைச்ச எழுத்து, நீங்கதான் வாசிக்கணும். உபதேசியாரே, நீங்களும் வாயைத் திறக்கப்படாது!"

அதனால்தான் எழுபத்தொரு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். எங்கே பார்த்தாலும் "எம்புட்டு தூரம் வந்திருக்கு?" என்று கேட்பார். பஸ் போர்டு வாசித்ததைச் சொன்னால் கை தட்டுவார். கடைசியாகப் பார்த்தபோது உடம்பு மெலிந்திருந்தது. "இந்தத் திருவிழாவுக்கு வாரேன். நீங்க வாசிக்கணும், நான் கேக்கணும்" என்றார். அவருக்கு முன்னால் வாசிக்க வேண்டும் என்பதற்காக, அதுவரை நான் அந்தச் சுவர்ப் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை.

அவருடைய இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் குன்றேறினேன். தொடக் கூடாது என்பது அவர் உத்தரவு. அதனால் விரலைச் சுவருக்கு ஒரு சாண் தள்ளியே நகர்த்தி வாசித்தேன். சட்டென்று முடியவில்லை; வெயில் வாசலிலிருந்து பீடம் வரை வந்துவிட்டது.

"ஆண்டவரே, இந்தச் சுவரில் வேலை செய்தவர்களை நினைத்தருளும்."

அந்த வரி முடியும் இடத்தில் உள்ளங்கை அளவுக்கு அம்மாள் முழுக்கச் சுரண்டாமல் விட்டிருக்கிறார். என் பூச்சு, அதில் நீலம், அதற்கடியில் அய்யாவின் பூச்சு, எல்லாம் படிப்படியாகத் தெரிகின்றன. "இது உங்க ரெண்டு பேரு இடம்" என்று முன்பே சொல்லியிருந்தார். தனக்கென்று அவர் ஓர் இடமும் வைத்துக்கொள்ளவில்லை.

ஆகவே அந்த வரியை இன்னொரு முறை, அவருக்குக் கேட்கும்படி சத்தமாக வாசித்தேன். சுவரில் இல்லாத ரெங்கநாயகி அம்மாள் என்ற பெயரையும் சேர்த்தே வாசித்தேன். இனி எல்லாத் திருவிழாவிலும் அப்படித்தான் வாசிப்பேன். போய் வாருங்கள், அம்மா.