“செஞ்சு பாரு” என்று சொன்னவன்

ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் பாதுகாப்பு விதிகள் எழுதி ஓய்வு பெற்றவன் நான். கெலமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் ஆய்வகத்துக்கு உதவக் கூப்பிட்டார்கள். அங்கே விடையைச் சொல்லித் தராமல் பிள்ளைகளையே தேடவிடும் முறை. விதிகளில் அலுத்தவனுக்கு அது இனித்தது.

“தரை ஓட்டின் உப்புக்கறையை எது போக்கும்? வீட்டில் இருப்பதைக் கொண்டுவந்து கண்டுபிடியுங்கள்” என்றேன்.

ஒன்பதாம் வகுப்பு ஷபானா கேட்டாள்: “சார், ரெண்டையும் கலந்தா இன்னும் நல்லாப் போகுமா?”

எந்த இரண்டு என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “என்னைக் கேக்காதம்மா, செஞ்சு பாரு.”

பிளீச்சிங் பவுடரில் கழிப்பறை ஆசிட்டை ஊற்றினாள். குளோரின் வாயு கிளம்பியது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள், குனிந்திருந்த அவளைத் தூக்கித்தான் வரவேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் அப்பா கேட்டார்: “கம்பெனில ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆக விடலியாமே சார் நீங்க?”

பிழைத்தாள். இப்போதும் கேள்வி பிள்ளைகளுடையதுதான். ஆனால் எதை எதோடு கலக்கப்போகிறார்கள் என்று எழுதித் தந்து, நான் கையெழுத்திடும்வரை எந்த மூடியும் திறக்காது.

ஆய்வகம் மாடியில் இருக்கிறது. ஷபானா இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி ஏறி வரும்வரை நான் வகுப்பைத் தொடங்குவதில்லை.