முப்பத்திரண்டாம் வரிசை, பதினோராம் இருக்கை

நதீன் ஹ்ருஸ்கா எங்கள் கல்லூரியின் விளையாட்டுத் துறையில், டிக்கெட் அலுவலகத்தில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தாள். அவளைப் பற்றி எழுதச் சொன்னால் ஆஷ்பி ஊரில் யாரும் இரண்டு வரிக்கு மேல் எழுத மாட்டார்கள். கல்யாணம் ஒன்று செய்து மூன்றாம் வருடமே முடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை மதியம் சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் சாப்பிடுவாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் பக்கத்து மேஜையில் கணக்குப் பார்த்த எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதுகு சில்லிட்டுப் போகிறது.

முதலில் எங்கள் துறையின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் பத்தொன்பது விளையாட்டுகள். சம்பாதிப்பவை இரண்டே இரண்டு. ஆண்கள் கூடைப்பந்து தன் செலவு போகக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கும். மற்றபடி எல்லாமே ஃபுட்பால்தான். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஃபுட்பால் என்று பெயர் வைத்த நாடு இது, அதில்தான் காசும் கொட்டுகிறது, யாரிடம் போய் முறையிடுவது? நீச்சல், மல்யுத்தம், டென்னிஸ், ஓட்டம் என்று மீதிப் பதினேழும் ஃபுட்பால் போடும் சோற்றில்தான் உயிர் வாழ்கின்றன.

அந்தச் சோறு டிக்கெட் விலையிலிருந்து மட்டும் வருவதில்லை, நன்கொடையிலிருந்து வருகிறது. நல்ல இருக்கை வேண்டுமென்றால் வருடா வருடம் துறைக்கு நன்கொடை கொடுக்க வேண்டும். கொடுக்கும் டாலருக்கு ஏற்பப் புள்ளி ஏறும், புள்ளி ஏற ஏற இருக்கை மைதானத்தின் நடுக்கோட்டுப் பக்கம் நகரும். ஆள் செத்துப்போனால் கணவனுக்கோ மனைவிக்கோ மட்டும் அது போகும். பிள்ளைகள் மூலையிலிருந்து, இன்றைய விலையில், புதிதாகத் தொடங்க வேண்டும்.

அதனால் ஊரில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. அப்பா செத்தால் பாதிரியாருக்குச் சொல்வார்கள், வங்கிக்குச் சொல்வார்கள், டிக்கெட் அலுவலகத்துக்கு மட்டும் மூச்சு விட மாட்டார்கள். அப்பா பெயரிலேயே பணம் கட்டிக்கொண்டு அந்த இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். கல்லறையில் படுத்திருப்பவர்களுக்கும் வருடா வருடம் புள்ளி ஏறும். துறைக்கும் இது தெரியும். பணம் வந்துகொண்டிருக்கிறவரை யார் வாயைத் திறப்பார்கள்?

நதீனும் அதையே செய்தாள். அவள் அப்பா எமில் ஹ்ருஸ்கா ரயில் பெட்டிகளைப் பழுது பார்த்தவர். அவளுக்கு ஒன்பது வயதானபோது முப்பத்திரண்டாம் வரிசையில் பதினொன்று, பன்னிரண்டு என்று இரண்டு இருக்கைகள் வாங்கினார். ஒரு ஆட்டம் விடாமல் இருவரும் போனார்கள். பிறகு அவளுக்கு எங்கள் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் கீழே டிக்கெட் ஜன்னலில் அவள் இருந்தாக வேண்டும். "ஆட்டத்தோட கடைசிக் கால்வாசிக்காவது மேல வாடா கண்ணு" என்பார் எமில். அந்த நேரத்தில் ஜன்னலில் ஒரு ஈ காக்கை இருக்காது, போயிருக்கலாம். "அடுத்த வாரம் வரேன்ப்பா" என்றே பதினெட்டு வருடத்தை ஓட்டினாள். ஒரு குளிர்காலத்தில் அவர் செத்துப்போனார். அதன்பின் பதினொரு வருடம், தன் சம்பளத்திலிருந்து அவர் பெயரில் பணம் கட்டினாள். இருக்கைகளுக்குப் போகவுமில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை.

2011 கோடையில் எங்கள் துறைக்கு ப்ராக்கெட் என்ற புது இயக்குநர் வந்தார். தோற்றுக்கொண்டே இருந்த ஃபுட்பால் பயிற்சியாளரை அதற்கு முன்பே துரத்தியிருந்தார்கள். ஒப்பந்தப்படி அவருக்கு இன்னும் பதினெட்டு லட்சம் டாலர் தர வேண்டும். வேலை செய்யாமல் வீட்டில் இருப்பதற்கு! எனக்கு வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது. அந்த ஓட்டையை அடைக்கப் பெண்கள் நீச்சலை மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது.

"இன்னொரு வழி இருக்கு" என்றார் ப்ராக்கெட். "செத்தவங்க பேர்ல இருக்கற சீட்டையெல்லாம் திருப்பி வாங்கிப் புது விலைக்கு விப்போம். நதீன், சந்தேகத்துல இருக்கறவங்க லிஸ்ட் இருநூத்திப் பதினாலு பேர். கடைசி ஆட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமைக்குள்ள ஒவ்வொருத்தருக்கா ஃபோன் பண்ணி, உயிரோட இருக்காரா இல்லையான்னு எழுதிடுங்க. வித்தாச்சுன்னா அந்தப் பொண்ணுங்க நீந்தட்டும்."

செப்டம்பர் முழுக்க அவள் ஃபோனில் பேசியதைக் கேட்டுக்கொண்டே நான் கணக்குப் போட்டேன்.

"அப்பா குளிக்கறாருங்க" என்பான் ஒருவன்.

"போன வாரமும் குளிச்சுக்கிட்டுதான் இருந்தாருங்க" என்பாள் நதீன், கோபமே இல்லாமல்.

ஒருத்தி அழுதாள். ஒருத்தன் அவளைப் பிணம் தின்னி என்றான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுதினாள்.

என் வேலை வேறு. டிக்கெட்டில் இருக்கும் கோடுகளை வாசலில் ஒரு கருவி படிக்கும். எது எந்த நிமிடம் உள்ளே போனது என்று திங்கட்கிழமை எனக்குப் பட்டியல் வரும். அக்டோபரில் ஒருநாள், சும்மா, எமில் ஹ்ருஸ்காவின் இருக்கையைத் தேடினேன். ஏன் தேடினேன் என்று கேட்காதீர்கள், மூக்கை நுழைப்பது என் சுபாவம்.

"உங்கப்பா டிக்கெட்ட யாருக்குடி குடுக்கறே?" என்றேன்.

"யாருக்கும் இல்லியே. ஏன் கோரா?"

"வாராவாரம் உள்ள போயிருக்கே. பதினொண்ணு மட்டும். பன்னெண்டு போகல."

மறுநாள் டிக்கெட் புத்தகங்களை வீட்டு மேஜை டிராயரிலிருந்து எடுத்து வந்தாள். ஒன்றுகூடக் கிழிக்கப்படவில்லை. ஓரத்துத் துளைகள் அச்சகத்திலிருந்து வந்தபடியே இருந்தன. நான் பழைய பட்டியல்களைப் பிரித்தேன். கருவி வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஐந்து வருடமும், ஊரில் நடந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும், ஆறாம் வாசல், காலை பத்து பதினாலு. மழை பெய்த நாளிலும் அதே நிமிடம்.

"மெஷின்ல ஏதோ கோளாறு" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

நதீன் தாளில் வாசல் எண்ணின்மேல் விரலை வைத்தாள். "ஆறாம் வாசல்லதான் கூட்டம் கம்மி. அவருக்கு முட்டி வலி" என்றாள்.

நவம்பரில் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. இருநூற்றுப் பதின்மூன்று பெயர்களை முடித்துவிட்டாள். ஒரு பெயர் மட்டும் பாக்கி. மணி ஐந்தாகப் போகிறது.

"விட்டுத் தொலைடி. ஒரே ஒரு பேரு. யாருக்குத் தெரியப்போகுது?"

"அத்தன வீட்டுக்கும் ஃபோன் பண்ணி, செத்தவங்களுக்கு சீட் கிடையாதுன்னு சொன்னது நான்தானே. எங்கப்பாவுக்கு மட்டும் உண்டா?" கையை விசைப்பலகைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "பயமா இருக்கு கோரா. நான் எழுதறவரைக்கும்தான் வருவாரோ என்னவோ."

இப்படிப் பேசுகிறவளே இல்லை அவள். இறந்துவிட்டார் என்று எழுதி அனுப்பினாள். பெண்கள் நீச்சல் பிழைத்தது. அதற்கு யாரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை.

கிளம்பும்போது, நாளைக்கு ஜன்னலில் உட்கார மாட்டேன், லீவு என்றாள். இருபத்தொன்பது வருடத்தில் அவள் கேட்ட முதல் சனிக்கிழமை லீவு. பருவம் முடியும்வரை பழைய டிக்கெட் செல்லும். நானும் வருகிறேன் என்றேன். அவளைத் தனியாக விட எனக்கு மனசில்லை.

ஆறாம் வாசலுக்கு நாங்கள் போனபோது பத்து நாற்பது. அவள் பன்னிரண்டாம் டிக்கெட்டை நீட்டினாள், பச்சை விளக்கு. நான் பதினொன்றை நீட்டினேன். இது ஏற்கெனவே உள்ளே போய்விட்டது என்று சிவப்பு எரியும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பச்சைதான் எரிந்தது. நதீனின் முகம் வெளுத்தது.

முப்பத்திரண்டாம் வரிசையில் இரண்டு இருக்கைகளும் காலியாக இருந்தன. அவள் பன்னிரண்டில் உட்கார்ந்தாள். பதினொன்றில் உட்கார எனக்குத் துணிவில்லை, படியிலேயே நின்றேன். பக்கத்தில் மடியில் போர்வை போட்டுக்கொண்டு ஒரு வயதான தம்பதி. அந்த மனிதர் அவளையே உற்றுப் பார்த்தார்.

"நீதான் நதீனாம்மா? அதே தாடை! நான் மெர்ல், இவ ஜாய்ஸ். மூலையில கிடந்தோம், புள்ளி சேத்து இங்க வந்து நாலு வருஷமாச்சு. எங்க, உங்கப்பாவக் காணோம்?"

நதீன் பக்கத்துக் காலி இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே வந்து உக்காந்திருப்பாரே!" என்றாள் ஜாய்ஸ். "நீ உக்காந்திருக்கியே, அதுல தொப்பிய வெச்சு இடம் பிடிச்சிருப்பார். யாரையும் உக்கார விடமாட்டார். ‘எம் பொண்ணு கீழ டிக்கெட் ஆபீஸ்ல இருக்கா, கடைசிக் கால்வாசிக்கு வந்துடுவா’ம்பார். நீ வரவே மாட்டே, அவரும் தொப்பிய எடுக்கவே மாட்டார். எங்களுக்கே சங்கடமா இருக்கும்."

"நாலு வருஷத்துல இன்னைக்குதான் முதல் தடவையா வரல" என்றார் மெர்ல். "உடம்புக்கு ஏதாவதாம்மா?"

அவர் செத்துப் பதினொரு வருடம் ஆகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். நதீன் என்னைப் பார்க்கவில்லை. காலியாக இருந்த பதினோராம் இருக்கையின்மேல் கையை வைத்தாள்.

"நேத்து சாயங்காலம் போயிட்டார்" என்றாள். "அஞ்சு மணிக்கு."

மெர்ல் தொப்பியைக் கழற்றினார். ஜாய்ஸ் போர்வையை விட்டு எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "ஐயோ, நேத்தா! வீட்ல இருக்காம இங்க வந்திருக்கியேடி பொண்ணே!"

"அவர் கடைசிக் கால்வாசிக்குத்தான் கூப்பிடுவார்" என்றாள் நதீன். "இன்னைக்கு மொதல்லேர்ந்தே இருக்கேன்."