கர்ச்சீப் மயக்கம்

அன்புசெல்வனுக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. ஏட்டாகப் பதவி உயர்ந்த பிறகு அவருக்குக் கிடைத்ததெல்லாம் காக்கி போடாத டியூட்டிதான். கும்மிடிப்பூண்டி பக்கம் எங்கே நாலு பேர் கூடி மைக் பிடித்தாலும், கட்டம் போட்ட சட்டையோடு கடைசி வரிசையில் போய் உட்கார வேண்டும். யார் பேசினார்கள், யார் கைதட்டினார்கள், யார் பாதியில் எழுந்து வெளியே போய் போன் பேசினார்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் வந்து சொல்ல வேண்டும். சங்கக் கூட்டம், ஜெபக் கூட்டம், நிலத்தைத் தர மாட்டோம் என்கிற கூட்டம், எல்லாமே அவருக்கு ஒன்றுதான்.

அந்த வேலை மெல்ல வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பால்காரர் சிரித்துப் பேசினால் தண்ணீர் அதிகம் என்பார். சொந்தக்காரர்கள் சும்மா வந்தால் என்ன கேட்கப் போகிறார்களோ என்று காத்திருப்பார்.

"நீங்க சாமி கும்புடும்போது கூட ஒரு கண்ணத் தொறந்து வெச்சுக்கினுதான் கும்புடுறீங்க" என்பாள் அவர் மனைவி ஈஸ்வரி. அவர் மறுத்ததில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் இன்ஸ்பெக்டர் அந்த நோட்டீஸைக் காட்டினார். ஞாயிறு சாயங்காலம், பைபாஸ் ஓரத்துக் கல்யாண மண்டபம். 'சினிமா பார்ப்போம், அறிவியல் பேசுவோம், அனுமதி இலவசம்' என்று இருந்தது.

"சும்மா யாராவது படம் போட்டுக் காட்டுவாங்களா? இந்தப் பக்கம் கம்பெனி, அந்தப் பக்கம் துறைமுகம். உள்ள வேற ஏதோ இருக்கு. போய்ப் பாருங்க" என்றார்.

அன்புசெல்வன் போனார். படம் போட்டது நர்மதா என்ற பெண். அத்திப்பட்டில் டியூஷன் எடுப்பவள். புரொஜக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு மின்சார ரயிலில் வந்து இறங்கியிருந்தாள். திரையில் ஒரு கதாநாயகன் எட்டி உதைத்தான், ஜீப் ஆகாயத்தில் பறந்தது. நர்மதா அப்படியே நிறுத்தினாள்.

"ஜீப்பு இந்தப் பக்கம் பறந்துச்சுன்னா அவரு எந்தப் பக்கம் பறக்கணும்?"

அவ்வளவுதான், மண்டபம் இரண்டுபட்டது. வெல்டர் ஒருவர் எழுந்து, கிரேன் வைத்து ஜீப்பைத் தூக்கிய கதையைச் சொன்னார். பேக்கிங் கம்பெனியில் வேலை செய்யும் ஞானம்மா, "அவரு ஹீரோ, அவரு பறக்க மாட்டாரு" என்று அடித்துச் சொன்னாள். சிரிப்பும் சண்டையுமாக நேரம் போயிற்று.

அன்புசெல்வன் காத்துக்கொண்டே இருந்தார். இதோ கம்பெனியைப் பற்றிப் பேசப் போகிறார்கள், இதோ உண்டியல் வரும், இதோ உறுப்பினர் படிவம் வரும். எதுவும் வரவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது. எதுவும் கேட்காதவர்களைவிட ஆபத்தானவர்களை அவர் தம் அனுபவத்தில் பார்த்ததில்லை.

அந்த வாரமே சிப்காட்டில் ஒரு திருட்டு. ஒரு குடோனிலிருந்து தாமிரக் கேபிள் சுருள்கள் காணாமல் போயின. வாட்ச்மேன் சுப்பிரமணி ஸ்டேஷனில் வந்து சொன்னார்: யாரோ பின்னால் வந்து மூக்கில் கர்ச்சீப்பை வைத்தார்கள், மருந்து நாற்றம் அடித்தது, அப்படியே விழுந்துவிட்டேன், கண் விழித்தபோது விடிந்திருந்தது.

குடோனுக்குப் பின்னால் வரிசை வீடுகளில் ஒடிசாக்காரர்கள் குடியிருந்தார்கள். அன்புசெல்வன் அங்கே மோப்பம் பிடித்துக்கொண்டு போனார். பிகாஷ் என்பவன் அறையில் மூக்கைத் துளைக்கும் நெடியோடு ஒரு பாட்டிலும் துணிச் சுருணையும் இருந்தன.

"பெயிண்ட் வேலை சார். தின்னர்" என்றான் பிகாஷ்.

"தின்னரு ஊட்ல எதுக்கு?"

"கை கழுவ."

பதில் சரியாகத்தான் இருந்தது. சரியான பதிலை உடனே சொல்கிறவன் மேல்தான் அவருக்குச் சந்தேகம் அதிகமாகும். பிகாஷின் போனை வாங்கி வைத்தார்கள். ஊரை விட்டுப் போகக் கூடாது, தினமும் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்றார்கள். திங்கட்கிழமை கைது செய்துவிடலாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார்.

அதற்கு முன்னால் வந்தது ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்தில் வேறொரு படம். கார் கதவு திறந்தது, கதாநாயகியின் முகத்தில் வெள்ளைக் கர்ச்சீப் பட்டது, அவள் பூமாலை மாதிரி சரிந்தாள். நர்மதா நிறுத்தினாள்.

அன்புசெல்வனுக்கு முதுகு நிமிர்ந்தது. இந்த வாரம் ஏன் இந்தக் காட்சி? கேஸ் விஷயம் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? யாரைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்?

நர்மதாவின் பக்கத்திலிருந்து வயதான பெண் ஒருவர் எழுந்தார். பெயர் கிறிஸ்டினா. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நான் மயக்க மருந்து பக்கத்துலயே நின்னு காலம் தள்ளினவ" என்றார். "குளோரோஃபாம மூக்குல வெச்ச உடனே யாரும் உழ மாட்டாங்க. விடாம பல நிமிஷம் முகர வைக்கணும். அதுவரைக்கும் ஆளு சும்மா இருப்பானா? ஒதைப்பான், கடிப்பான், கத்துவான். கர்ச்சீப்ப எடுத்துட்டா கொஞ்ச நேரத்துல முழிச்சுப்பான். எடுக்காம அமுக்கினா மூச்சே நின்னு போவும்."

கடைசி வரிசையில் உட்கார்ந்து இத்தனை வருஷத்தில் அன்புசெல்வன் ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. அன்றைக்கு எழுந்துவிட்டார்.

"வேற மருந்து இருக்கலாம் இல்ல? இப்போ புதுசு புதுசா வருது."

"அப்படி ஒண்ணு இருந்தா, ஆபரேஷனுக்கு நாங்க ஏன் சார் அவ்ளோ மிஷின் வெச்சுக்கினு அல்லாடுறோம்? ஆளுக்கொரு கர்ச்சீப் போதுமே."

மண்டபம் சிரித்தது. அன்புசெல்வன் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் நர்மதாவிடம் நேராகப் போனார்.

"இந்த வாரம் இந்தப் படத்த எதுக்குப் போட்டீங்க?"

"ஞானம்மாதான் கேட்டாங்க. பொண்ணு ஷிஃப்ட் முடிச்சு தனியா வருதாம், கர்ச்சீப் வெச்சு தூக்கிக்கினு போயிடுவாங்களோன்னு பயமாம்." அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க இன்னா வேலை சார் பண்றீங்க?"

"ஏசி மெக்கானிக்."

"ஓ" என்றாள் அவள். அந்த 'ஓ'வில் துளி நம்பிக்கை இல்லை.

வீட்டுக்கு வந்தும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். நர்ஸம்மா பொய் சொல்கிறார் என்றால், எதற்காக? உண்மை என்றால், சுப்பிரமணி சொன்னது எப்படி நடந்திருக்கும்? ஒரு நர்ஸ் பேச்சை மட்டும் நம்பி முடிவெடுக்க அவர் மனம் ஒப்பவில்லை. மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டரிடம் ஒரு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்துத் திருவள்ளூருக்குப் போனார். அங்கே தெரிந்த மயக்க மருந்து டாக்டர் ஒருவர் இருந்தார். டாக்டர் கேள்வியை முழுசாகக் கேட்கக்கூட இல்லை.

"சினிமா பார்த்தீங்களா?" என்றார்.

திரும்பியவர் நேரே சுப்பிரமணி வீட்டுக்குப் போனார். வாட்ச்மேன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெயிலில் கால் நீட்டியிருந்தார். ஏட்டைப் பார்த்ததும் எழுந்தார்.

"கர்ச்சீப் வெச்சதும் நீ இன்னா பண்ண?"

"பட்டுனு உழுந்துட்டேன் சார்."

"அவன் கையத் தட்டி உடல? கடிக்கல?"

"எங்க சார், மயக்கம் வந்துச்சே."

"நாத்தம் எப்படி இருந்துச்சு?"

சுப்பிரமணி யோசித்தார். "அதான் சார், சினிமாவுல வருமே..."

"சினிமாவுல நாத்தம் வராது நைனா."

சுப்பிரமணி கட்டிலில் மறுபடி உட்கார்ந்தார். உள்ளே அவர் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"ரெண்டு கேட்டுல வேலை சார்" என்றார் கடைசியில். "அந்த குடோன்லயும் நான்தான் வாட்ச்மேன், ரோட்டுக்கு எதிர்த்தாப்புல கம்பெனிலயும் நான்தான். இங்க கொஞ்ச நேரம், அங்க கொஞ்ச நேரம். இங்க கேபிளு போகும்போது நான் அங்க இருந்தேன். சொன்னா ரெண்டு வேலையும் பூடும்."

"அதுக்கு ஒருத்தன் ஜெயிலுக்குப் போவணுமா?"

"நான் யாரு பேரையும் சொல்லலியே சார்."

உண்மைதான். பெயரைக் கொண்டுபோய்க் கொடுத்தது அன்புசெல்வன்தான்.

இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டார். "ஆளப் பிடிச்சுக் கொடுத்ததும் நீங்க. இப்ப இல்லங்கறதும் நீங்களா?"

"ஆமா சார்."

"அந்தப் படம் போடறவங்க சொன்னாங்கன்னா, அவங்களுக்குக் கேஸ் எப்படித் தெரியும்? இதுல ஏதோ இருக்கு."

தம் குரலையே இன்னொருவர் வாயிலிருந்து கேட்பதுபோல் இருந்தது அன்புசெல்வனுக்கு. "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார். டாக்டரையும் கேட்டுட்டேன். வேணும்னா நீங்களும் ஒருத்தரக் கேளுங்க" என்றார். இன்ஸ்பெக்டர் உண்மையிலேயே போனை எடுத்துத் தமக்குத் தெரிந்த ஒரு டாக்டரைக் கேட்டார். வைத்துவிட்டு, "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னார்.

சுப்பிரமணி புது வாக்குமூலம் கொடுத்தார். அவர் பயந்தபடியே இரண்டு வேலையும் போயிற்று. சில வாரம் கழித்துக் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கேட்டில் சேர்ந்ததாகச் சொன்னார்கள். கேபிளை எடுத்தவர்கள் யாரென்று இன்றுவரை தெரியாது.

பிகாஷின் போனைத் திருப்பிக் கொடுக்க அன்புசெல்வனே போனார். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். ஏனோ தாமே போக வேண்டும் என்று தோன்றியது. பிகாஷ் கதவைப் பாதி திறந்து நின்றான். போனை வாங்கித் திருப்பிப் பார்த்தான். சிம் இருக்கிறதா என்று கழற்றிப் பார்த்தான். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். புதிதாக எதையாவது ஏற்றியிருக்கிறார்களோ என்று தேடினான்.

"எல்லாம் சரியா இருக்குப்பா. உன் மேல ஒண்ணும் இல்ல. நான்தான் தப்பா நெனச்சுட்டேன்."

பிகாஷ் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு அவருக்குப் பின்னால் தெருவைப் பார்த்தான், வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று.

"நாளைக்கு ஸ்டேஷன் வரணுமா சார்?"

"வேணாம்."

"நிஜமா?"

"நிஜமா."

அவன் நம்பவில்லை என்பது தெரிந்தது. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது, உள்ளே தாழ் விழுந்தது. மறுநாள் காலையில், யாரும் கூப்பிடாமலே, பிகாஷ் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தான்.