பேசாதவர்களுக்கு ஒரு பிளான்

ரீசார்ஜ் கடைக்காரன் பேச்சை விற்கிறவன் என்றுதான் கடை போடும்போது நினைத்தேன். திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மூன்று வருஷம் உட்கார்ந்த பிறகு தெரிகிறது, என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பேசுவதே இல்லை. நம்பர் உயிரோடு இருந்தால் போதும் அவர்களுக்கு. உங்கள் வீட்டிலும் ஒரு பட்டன் போன் இருக்கும். அதற்கு எதைப் போடுவது என்று நீங்களும் முழித்திருப்பீர்கள். அப்படியென்றால் நீங்கள் நம்ம ஆள். தினமும் இரண்டு ஜிபி வேண்டாம், பாட்டு வேண்டாம், படம் வேண்டாம், இன்கமிங் மட்டும் வந்தால் போதும் என்று கேட்டால், அப்படி ஒன்றைக் கம்பெனிக்காரன் பட்டியலின் கடைசியில் ஒளித்து வைத்திருப்பான். அதைத் தேடிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

நான் இருபது வருஷம் புனேயில் ஒரு ஆபீஸில் இருந்து, அதை மூடிய பிறகு ஊர் திரும்பியவன். மனைவியும் மகளும் இன்னும் அங்கேதான். என் போனில் அன்லிமிடெட் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் வரும்.

வெள்ளிக்கிழமை

மூக்கையா நரிக்குடிக்கு உள்ளே தள்ளி ஒரு ஊரில் ஆடு வளர்க்கிறவர். அறுபது வயது இருக்கும். மனைவி போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. ரப்பர் பேண்டு சுற்றிய போனை மடியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். "பேசுறதுக்கு ஒண்ணும் போட வேணாம் தம்பி. வெள்ளிக்கிழம காலையில ஒரு மிஸ்டு கால் வரும். அது மட்டும் வரணும்." பிளான் சொல்வதற்கு அது தேவையில்லைதான், ஆனாலும் யார் கூப்பிடுவார்கள் என்று கேட்டேன்.

மகள் பாண்டிச்செல்வி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில், இனி சாகிற வரைக்கும் அவளோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று இவர் துண்டைப் போட்டுத் தாண்டிச் சத்தியம் செய்துவிட்டார். அவளும் பேசச் சொல்லிக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு ரிங் விட்டுக் கட் பண்ணுவாள். இவர் எடுக்க மாட்டார். மகள் நன்றாக இருக்கிறாள் என்று இவருக்குத் தெரிந்துவிடும்; போன் அடிக்கிறது, அப்பா இருக்கிறார் என்று அவளுக்கும் தெரிந்துவிடும். ஊரில் வேறு யாருக்கும் அவளோடு பேச்சு வார்த்தை கிடையாது. இருவருக்கும் நடுவில் இருப்பது அந்த இரண்டு ரிங் மட்டுந்தான்.

"ஒரு நாள் எடுத்துத்தான் பேசுங்களேன், யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"சத்தியம் பண்ணுனது எனக்குத் தெரியும்ல தம்பி."

மோட்டாருக்கு ஒரு நம்பர்

கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரில் ஒரு சிம்மைப் போட்டுவிட்டால், வீட்டிலிருந்தபடியே அந்த நம்பருக்குப் போன் அடித்து மோட்டாரைப் போடலாம். செல்வராசு என்கிற சம்சாரி தன் மோட்டாருக்குத் தவறாமல் ரீசார்ஜ் பண்ண வருவார். இந்தக் கோடையில் கிணறு அடித்தரை தெரிய வற்றிவிட்டது என்று அவரே சொன்னார். அப்புறமும் வந்தார். தண்ணீர் வரும்வரை இதை விட்டுவைக்கலாமே என்றேன். போனை எடுத்து, என் கண்ணெதிரிலேயே மோட்டாரின் நம்பரை அடித்துக் காட்டினார். அந்தப் பக்கம் டக்கென்று எடுத்தது.

"பாத்தீகளா? எங்க வீட்டுல நான் கூப்பிட்டா எடுக்கிறது இது ஒண்ணுதாண்ணே."

அமீது பாய்

நரிக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அமீது பாய் சவுதியில் கால் நூற்றாண்டு இருந்தவர். அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போன் பூத்தில் வரிசையில் நின்று, வீட்டோடு பேச முறை வருவதற்காகக் காத்திருந்ததைச் சொல்வார். இப்போது அவர் இங்கே, மகன் அங்கே. மகன் தினமும் அவன் அம்மாவின் போனில் வீடியோவில் வந்துவிடுகிறான். பாய் ஓரமாகத் தலையை நீட்டி ஸலாம் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்வாராம். அவர் நம்பர் பேங்கில் கொடுத்த நம்பர், அதனால் அதை விடவும் முடியாது. இருப்பதிலேயே சின்ன பிளானாகப் போடச் சொன்னார்.

"அவுகளுக்கு மகன் வாரான், எனக்கு ஓடிபி வருது தம்பி."

பச்சை மேப்

மூக்கையாவுக்கு நான் போட்டுக்கொண்டிருந்த சின்ன பிளானைக் கம்பெனிக்காரன் ஒருநாள் எடுத்துவிட்டான். அடுத்து இருந்தது அதைப்போல இரண்டு மடங்கு. அதுவும் இருபத்தெட்டு நாளைக்கு. ஆடு மேய்க்கிற மனுஷன் இரண்டு ரிங்குக்காக இதைக் கட்ட வேண்டுமா என்று எனக்கு மனசு பொறுக்கவில்லை. வேறொரு கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை போட்டால் போதும் என்று ஒன்று இருந்தது. நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றிவிடலாம் என்றேன்.

அவர் கேட்டது ஒரே கேள்விதான். "எங்க ஊருல டவரு எடுக்குமா?" நான் அந்தக் கம்பெனியின் மேப்பைத் திறந்து அவர் ஊரைத் தேடிப் பிடித்துக் காட்டினேன். அவர் ஊர், கண்மாய், கருவேலங்காடு எல்லாவற்றின் மேலும் பச்சை. பச்சை இருந்தால் எடுக்கும் என்று அர்த்தம் என்றேன். இங்கிலீஷில் எழுதியிருந்ததை வேறு அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"எங்க ஊரு இம்புட்டுப் பச்சையா என்னைக்குத் தம்பி இருந்துச்சு?"

கோளாறு எங்கே

சிம் மாற்றிய பிறகு இரண்டு வெள்ளிக்கிழமை கழித்து மூக்கையா வந்தார். ரிங் வரவில்லை என்றார். நான் என் போனிலிருந்து அவர் நம்பரை அடித்தேன். மேஜை மேல் இருந்த அவருடைய போன் நன்றாக அடித்தது. அவரையே எடுத்து அழுத்திப் பார்க்கச் சொன்னேன். என் குரல் அவர் காதில் கேட்டது. திருச்சுழியில் அடிக்கிற போன் அவர் ஊரில் அடிக்குமா என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றவில்லை. மேப்பில் பச்சையைப் பார்த்தவன் நான்.

"போன்ல ஒரு பழுதும் இல்லையே. நீங்களே ஒரு தடவ மகளக் கூப்பிட்டுப் பாருங்களேன். வேணும்னா நான் கூப்பிடுறேன்" என்றேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். கூப்பிட்டு, அவளே எடுத்து, இனிமேல் ரிங் விடுவதில்லை என்று சொல்லிவிட்டால்? அதை அவர் வாயால் சொல்லவில்லை, முகத்தில் இருந்தது. ரப்பர் பேண்டை நிதானமாகச் சுற்றினார்.

"அப்ப கோளாறு போன்ல இல்ல. சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்."

பஸ்ஸில் வந்த அழுகை

மீதியை எனக்குச் சொன்னது அமீது பாய். மூக்கையாவின் ஊருக்குச் சரக்குப் போடப் போயிருந்தாராம். காலை பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். இறங்கும்போதே தலைமுடியை அவிழ்த்துவிட்டு, "என்னப் பெத்த அய்யா, ஒங்க மொகத்தப் பாக்கக் குடுத்து வைக்கலையே" என்று மாரில் அடித்துக்கொண்டு தெருவில் ஓடினாள். மூன்று வெள்ளிக்கிழமை அடித்துப் பார்த்திருக்கிறாள். மூன்று தடவையும் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு குரல் சொல்லியிருக்கிறது. சொல்லி அனுப்ப ஆள் இல்லாததால் செத்தாலும் தனக்குச் சொல்ல மாட்டார்கள் என்று அவளே முடிவு பண்ணிக்கொண்டு ராத்திரி பஸ் ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு முன்னால் மூக்கையா தொரட்டியோடு நின்று ஆட்டுக்குக் குழை அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் அழுகை பாதியில் நின்றது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். ஊர் மொத்தமும் பார்த்தது. அவர் திரும்பிக்கொண்டு இன்னொரு கொப்பை இழுத்தார். அவள் கொஞ்ச நேரம் வேலியோரம் நின்றாள். யாரோ ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தாள், முடியை அள்ளி முடிந்தாள், திரும்பி வந்த அதே பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஏறும் முன் பாயைப் பார்த்து லேசாகச் சிரித்தாளாம்.

"எங்கய்யா நல்லாத்தான் இருக்காக பாய். அழுத அழுகதான் தெண்டமாப் போச்சு."

மூன்று மாதம்

மூக்கையா கடைக்கு வந்த அன்று, அவர் வாயைத் திறக்கும் முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன். தப்பு என்னுடையது, மேப்பை நம்பிவிட்டேன், நேரில் வந்து பார்த்திருக்க வேண்டும். பழைய கம்பெனிக்கே என் செலவில் மாற்றித் தருகிறேன், ஆனால் ஒரு தடவை மாற்றினால் மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்பது விதி. அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை காலையில் மெயின் ரோட்டுக்கு வந்து நில்லுங்கள், அங்கே எடுக்கும் என்றேன். "அவ அழுதுக்கிட்டு வந்தப்பவே டவருதான் இல்லேன்னு வெளங்கிருச்சு. போன வெள்ளிக்கிழமையே போயி நின்னேன் தம்பி. அடிச்சிச்சு. ரெண்டு ரிங்" என்றார்.

நான் பெருமூச்சு விட்டேன். அவர் போகவில்லை. மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். "அய்யான்னு கத்திக்கிட்டு வந்தா. ஆறு வருசம் கழிச்சு அந்தக் கொரலக் கேட்டேன். அவ அம்மா கொரலு மாதிரியே ஆயிருச்சு." பஸ் ஹார்ன் அடித்தது. அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மூன்று மாதம் கழித்து மாற்றும்போது மறுபடி லைன் போகுமா என்று கேட்டார். போகும், ஆனால் பயப்பட வேண்டாம், சில மணி நேரத்தில் வந்துவிடும் என்றேன்.

"ஒரு மூணு வெள்ளிக்கிழமைக்குப் போற மாதிரி பாருங்க தம்பி."

குறைவாகப் பேசுகிறவர்களுக்கு எந்த பிளான் நல்லது என்று இப்போது யாராவது கேட்டால், எந்த பிளான் உங்கள் ஊரில் எடுக்காது என்பதையும் சேர்த்தே விசாரித்துச் சொல்கிறேன்.